தொப்பி கழற்றும் நேரம்

ஞாயிற்றுக்கிழமைக்குள் தவமணிக்கு அழுகை வந்தாக வேண்டும். அன்றைக்குத்தான் அவளுடைய தம்பி கதிரேசனுக்குக் கருமாதி.

தவமணி கொம்பனேரி காவல் நிலையத்தில் தலைமைக் காவலர். ஊர்க்காரர்களுக்கு ஏட்டம்மா. நல்ல உயரம், கணீரென்ற குரல். அவள் ஒரு சத்தம் போட்டால் நாற்கரச் சாலையில் போகிற லாரி தானாக ஓரம் கட்டும். அப்பேர்ப்பட்டவள் சில நாட்களாகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் தம்பியின் படத்தைப் பார்த்தபடி கண்ணாடி முன்னால் முகத்தைக் கோணிக்கொண்டிருந்தாள். வெங்காயம்கூட உரித்துப் பார்த்துவிட்டாள். வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் வெங்காயத்தோடு நின்றுபோனது. தம்பி செத்துப்போனது அவளுக்குத் தெரியும். டெல்லி நமக்குத் தலைநகரம் என்று தெரியுமே, அந்த மாதிரித் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதற்கு யார் காரணம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சுமைதாங்கிதான்.

அரசாங்கம் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் வேறு. ஒரே மூச்சில் சொல்ல முடியாது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கி வைத்து இளைப்பாற அந்தக் காலத்தில் சாலையோரம் கல் நட்டு வைத்தார்கள் அல்லவா, அந்தப் பெயரையே நிலையத்தில் இதற்கும் சூட்டிவிட்டார்கள். எழுத்தர் அறைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, அதன் தலைமாட்டில் கவிழ்த்துப் போட்ட பானை மாதிரி ஒரு கூடு, பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதைப் பொருத்த வந்த பொறியாளர் யாசர் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கம் சொன்ன நாள் தவமணிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"சாவுச் சேதி சொல்லப் போறவங்களுக்கு மட்டும்தான் இது," என்றான் யாசர். "காதுக்குப் பின்னாடி இந்த வில்லையை ஒட்டிக்கணும். தொப்பியில ஒரு சின்ன காந்தம் தச்சிருக்கோம். நீங்க அந்த வீட்டு வாசல்ல தொப்பியக் கழட்டுவீங்கள்ல, உடனே வில்லை முழிச்சிக்கும். அங்க உங்க மனசுல ஓடுறதையெல்லாம் குறிச்சு வெச்சுக்கும். மறுபடி தொப்பிய வெச்சீங்கன்னா தூங்கிரும். டூட்டி முடிஞ்சு வந்து நாற்காலியில உக்காந்தா, குறிச்சு வெச்ச எடத்துல இருக்கிற வலிய மட்டும் எடுத்துரும்."

"மறந்து போயிருமா தம்பி?" என்று கேட்டாள் தவமணி.

"மறக்காது மேடம். யாரு, எந்த வீடு, என்ன சொன்னீங்க, எல்லாம் ஞாபகம் இருக்கும். வலிக்காது, அவ்ளோதான்."

"எடுத்த வலி எங்கிட்டுப் போகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். யாசர் சிரிக்கவில்லை. "இந்தப் பெட்டிக்குள்ள இருக்கும் மேடம். ஒரு வருசம் வெச்சிருக்கணும்னு விதி. யாராச்சும் திருப்பிக் கேட்டா குடுக்கணும்ல."

"எந்தக் கிறுக்கச்சி அதைத் திருப்பிக் கேப்பா?" என்றாள் தவமணி. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

நாற்கரச் சாலை வந்ததிலிருந்து கொம்பனேரிக்குச் சாவுக்குப் பஞ்சமில்லை. கருவி வருவதற்கு முன்னால் சாவுச் சேதி சொல்ல இரண்டு பேராகப் போவார்கள். குழந்தை செத்த வீடு என்றால் போய் வந்தவர்களுக்கு மறுநாள் விடுப்பு. திரும்பி வந்ததும் யாராவது ஒருத்தர் ஒன்றும் பேசாமல் ஒரு டீயை முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சுமைதாங்கி வந்தபின் இதெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. இரண்டு பேர் எதற்கு, கருவி இருக்கிறதே. விடுப்பு எதற்கு, கருவி இருக்கிறதே. கடைசியில் அந்த வட்டாரத்துச் சாவு மொத்தமும் தவமணி ஒருத்தியின் தலையில் வந்து விழுந்தது. "ஒனக்குத்தான் பக்குவமாச் சொல்ல வருது தவமணி," என்றார் இன்ஸ்பெக்டர் மரகதவேல். ஏமாளி கிடைத்தால் புகழ்ந்தே வேலை வாங்குவது எல்லா ஆபீசிலும் உள்ளதுதான். டீ வாங்கி வைப்பதும் நின்றுபோனது. வலிக்காதவளுக்கு எதற்கு டீ?

ஆனால் பக்குவம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. தவமணிக்கு என்று ஒரு முறை இருந்தது. வாசலில் தொப்பியைக் கழற்றி இடக்கையில் வைத்துக்கொள்வாள். வீடு சரிதானா, ஆள் சரிதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்வாள். "சீரியஸா இருக்காரு, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று இழுக்க மாட்டாள். இறந்துவிட்டார் என்பதை இறந்துவிட்டார் என்றே சொல்வாள். உட்கார மாட்டாள், தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து தாங்கிக்கொண்டதும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சாவு வீட்டில் "வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்பதால் அதையும் சொல்ல மாட்டாள். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் பின்வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். சுமைதாங்கி வந்தபின் அதுவும் விட்டுப்போனது.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு சில்லறைத் தொந்தரவுகள் வந்தன. சமையலறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். குழம்புக்கு உப்பு இரண்டு முறை விழும், இல்லாவிட்டால் விழவே விழாது. ஒருநாள் தொப்பியோடு மாவாட்டிக்கொண்டிருந்ததைக் கணவர் பார்த்துச் சொன்னபோதுதான் தலையைத் தொட்டுப் பார்த்தாள். தைராய்டாக இருக்கும் என்று ரத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. வயசாகிறது, வேறென்ன என்று விட்டுவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

முன்பகலில் நெடுஞ்சாலை ரோந்து வண்டியிலிருந்து போன். விலக்கு ரோட்டில் லாரியும் லோடு ஆட்டோவும் மோதிக்கொண்டன. இரண்டு பேர் அந்த இடத்திலேயே காலி. லாரி கிளீனர் ஒருவன். கடைகளுக்கு பன்னும் வர்க்கியும் போடுகிற ஆட்டோக்காரன் இன்னொருவன். பெயர் கதிரேசன், பால்பண்ணைத் தெரு.

"சரி," என்றாள் தவமணி. போனை வைத்தாள். தொப்பியை எடுத்து மாட்டினாள்.

ஜீப் ஓட்டுகிற காவலர் சோலைராஜ் அவள் முகத்தையே பார்த்தான். "ஏட்டம்மா, பால்பண்ணைத் தெரு கதிரேசன்னா... அது நம்ம..."

"தெரியும். வண்டிய எடு."

"வேணாம் ஏட்டம்மா. நான் போறேன். இல்லாட்டி இன்ஸ்பெக்டர்ட்டச் சொல்லி..."

"வண்டிய எடுறா."

வழி நெடுக அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. மண்டைக்குள் ஏதோ ஒரு கதவு படக்கென்று சாத்திக்கொண்டது போல இருந்தது. தன்னைவிட ஏழு வயது சின்னவன். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. "ஏய் போலீசு, சாப்ட்டியா?" என்றுதான் போன் செய்வான். இவையெல்லாம் அவளுக்கு அந்த ஜீப்பில் ஞாபகம் வரவில்லை. கிளீனருடைய வீடு எந்தப் பக்கம், அங்கே எப்படிப் போவது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பால்பண்ணைத் தெருவில் தம்பி பெண்டாட்டி சுகந்தி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் சிரித்தாள். "வாங்க மதினி! டூட்டியிலயே வந்துட்டீங்க? இருங்க, காபி போடுறேன்."

தவமணியின் கை தானாக மேலே போய்த் தொப்பியைக் கழற்றி இடக்கைக்கு மாற்றியது. வாய் தானாகத் திறந்தது.

"கதிரேசன் வீடு இதுதானே?"

சுகந்தி ஈரத்துணியோடு நின்றாள். "என்ன மதினி?"

"நீங்க அவரோட மனைவி சுகந்திதானே?"

"என்ன மதினி வெளையாடுறீங்க? உச்சி வெயில்ல..." என்று சிரித்தபடியே சொல்ல ஆரம்பித்தவளின் பார்வை தொப்பி மேல் விழுந்தது. போலீஸ்காரியைச் சொந்தத்தில் வைத்திருப்பவளுக்குத் தொப்பி கழற்றுவதன் அர்த்தம் தெரியும். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது.

"உங்க கணவர் இன்னைக்குக் காலையில விபத்துல இறந்துட்டார்," என்றாள் தவமணி.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து சுகந்தியைத் தாங்கிக்கொண்டார்கள். தவமணி தொப்பியை மாட்டினாள். கிளீனர் வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள்.

சாயங்காலம் நிலையத்துக்குத் திரும்பியபோது, "இன்னைக்கு அதுல உக்காராதீங்க ஏட்டம்மா, நேரா வீட்டுக்குப் போங்க," என்று சோலைராஜ் கெஞ்சாத குறையாகச் சொன்னான். அவள் காதில் ஏறவில்லை. தினமும் செய்கிற காரியம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது போல. உட்கார்ந்தாள். கூடு தலையில் இறங்கியது. பச்சை விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது. எழுந்தபோது தலை லேசாக இருந்தது.

மறுநாள் சவம் எடுப்பு. உறவுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சுகந்தியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கா எங்கே, அக்காளைக் கூப்பிடு என்று உள்ளே தேடியபோது அக்கா தெருமுனையில் நின்றாள். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வருகிற வண்டிகளை ஒதுக்கி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். தேர்ப்பாடைக்கு வழி வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. அது தப்பு என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் சமாளித்திருப்பாள், அதுதான் கொடுமை.

எல்லாம் முடிந்து வீடு கழுவிய பிறகு சுகந்தி கேட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அவுக செத்ததை எனக்கு யாரு மதினி சொன்னது?"

"நான்தானே சொன்னேன்."

"இல்ல. ஒரு போலீஸ்காரி வந்து சொல்லிட்டுப் போனா. என் மதினி இன்னும் வரல. அவுக வந்தா கருமாதிக்கு வரட்டும். போலீஸ்காரி வர வேணாம்."

தவமணி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். 

அதிலிருந்துதான் இந்தத் தேடல். யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒரு விஷயம் விளங்கியது. வேறு எங்கும் போகவில்லை, தம்பியின் துக்கம் பெட்டிக்குள் இருக்கிறது. பழக்க தோஷத்தில் வாசலில் தொப்பியைக் கழற்றித் தொலைத்தாள், வில்லை முழித்துக்கொண்டது, ஊரார் சாவோடு சேர்த்து உடன்பிறந்தவன் சாவையும் குறித்துக்கொண்டது, சாயங்காலம் உருவிக்கொண்டது. திருட்டுப் போகவில்லை, அடகில் இருக்கிறது. போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இப்படி நினைத்ததும் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் மரகதவேலிடம் போய் நின்றாள். "ஐயா, அன்னைக்கு எடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிறேன்."

அவர் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "என்னாத்துக்கு தவமணி? போனது போகட்டும்னு விடு. வலிய வேணும்னு கேட்டு வாங்குவியா?"

"எந் தம்பி ஐயா. எனக்கு வேணும்."

"லீவு வேணா எடுத்துக்க."

கேட்டு வாங்க முடியாமல் போன லீவு இன்றைக்குத் தானாக வருகிறதே என்று அவளுக்கு லேசாக உறைத்தது. இருந்தாலும் விடவில்லை. யாசருடைய எண்ணைத் தேடிப் பிடித்து அவளே போன் செய்தாள். கருமாதிக்கு முதல்நாள், சனிக்கிழமை காலையில், அவன் வந்து சேர்ந்தான். வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய் ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தான்.

தவமணி அதற்குள் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தாள். "வேற யாரு துக்கத்தையும் சேத்துக் குடுத்தாலும் சரி தம்பி. பிரிச்செடுக்க முடியாதுன்னா மொத்தமாவே குடு. வாங்கிக்கிறேன்."

யாசர் பெட்டியின் மூடியைத் திறந்தான். 

"மேடம்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இதுல ஒண்ணும் இல்ல."

"அழிச்சிட்டாங்களா?"

"அழிக்கல. எடுக்கவே இல்ல." அவன் உள்ளே கையைக் காட்டினான். பலகை ஒன்று இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. "வலிய எடுக்குற பலகை போன சித்திரையிலயே போயிருச்சு. வேற ஊருல ஒண்ணு எரிஞ்சுபோச்சுன்னு இதைக் கழட்டிக் குடுத்துவிட்டாங்க. புதுசு வரும் வரும்னு சொன்னாங்க, இன்னும் வரல. வெளக்கு எரியும், விசிறி ஓடும். வேற ஒண்ணும் நடக்காது."

தவமணிக்கு அவன் தமிழில்தான் பேசுகிறானா என்று சந்தேகமாக இருந்தது.

"அப்ப நான் தெனமும் வந்து உக்காந்தது?"

"சும்மா உக்காந்திருந்தீங்க மேடம்."

"எனக்கு வலிக்கலையே."

"அதைத்தான் நாங்களும் பாத்தோம். ஏட்டம்மா நல்லாத்தானே இருக்காங்க, நம்பிக்கையே வேலை செய்யுது, எதுக்குச் சொல்லிக் குழப்பணும்னு..." அவன் வாக்கியத்தை முடிக்காமல் இன்ஸ்பெக்டர் அறைப் பக்கம் பார்த்தான்.

மரகதவேல் கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், அவருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. "கருவி ஓடலைன்னு எழுதிக் குடுத்தா, ரெண்டு பேரா அனுப்பணும், லீவு குடுக்கணும். ஆளு எங்க இருக்கு தவமணி? நீயும் ஒண்ணும் சொல்லல. சமாளிச்சுக்கிட்டு இருந்த."

தவமணி கோபப்பட்டிருக்க வேண்டும். நாமாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்போம். அவளுக்குக் கோபம்கூடப் பிடிபடவில்லை. எடுத்துக்கொண்டு போனவன் இருந்தால் அவனிடம் கேட்கலாம். எடுக்கவே இல்லையென்றால் யாரிடம் கேட்பது? எடுக்கப்படாதது எங்கே இருக்கும்? மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவளைப் போல அவள் கழுத்தைத் தடவினாள், நெஞ்சைத் தடவினாள், இடக்கையைத் தடவினாள். தொப்பி பிடிக்கிற கை அது. மரத்துப்போயிருந்தது.

உப்பு, மாவாட்டும் தொப்பி, சமையலறையில் நின்ற நிற்பு. தைராய்டு இல்லை. சித்திரையிலிருந்து எத்தனை வீடு? அத்தனையும் உள்ளேதான் இருக்கிறதா? இருந்தால் ஏன் தெரியவில்லை?

அந்த நேரம் பார்த்துத்தான் போன் மணி அடித்தது. எழுத்தர் எடுத்தார், கேட்டார், பழக்கத்தில் தவமணியைப் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"குடுங்க," என்றாள் தவமணி. "நானே போறேன்."

சோலைராஜும் ஜீப்பை விட்டு இறங்கி அவள் கூடவே வந்தான், யாரும் சொல்லவில்லை. நெசவாளர் குடியிருப்பில் ஒரு வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. ஒரு பெரியவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் மில்லில் மின்சாரம் தாக்கிச் செத்துப்போயிருந்தான். தவமணி தொப்பியைக் கழற்றி இடக்கைக்கு மாற்றினாள். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. வீடு சரிதானா, ஆள் சரிதானா, எதுவும் வரவில்லை. கை மட்டும் தொப்பியோடு நடுங்கியது.

பெரியவர் அதைப் பார்த்தார். தேய்த்த கை அப்படியே நின்றது. "யாரும்மா?" என்றார். "எம் மகனா?"

அவள் தலையை ஆட்டினாள். சோலைராஜ்தான் மிச்சத்தைச் சொன்னான். அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே இருந்தது; துணி கருகுகிற வாசனை வந்தது. தவமணி பெட்டியை எடுத்து ஓரமாக நிறுத்தினாள். பிறகு, இத்தனை வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். தானும் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கிக் குடித்தாள்.

"ஒங்களுக்கு ஏன்மா இப்படி நடுங்குது?" என்று அந்த மனிதர் அந்த நிலைமையிலும் கேட்டார்.

"தெரியலங்க," என்றாள் தவமணி. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை.

அவருடைய சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை இருந்தாள். எழுந்து வருகையில் தொப்பியைத் தலையில் வைக்க மறந்து, சோலைராஜிடம் கொடுத்தாள். "என்னைய வீட்டுல விட்ரு. இன்னைக்கு நான் வரல."

"இன்ஸ்பெக்டர் கேட்டா என்ன ஏட்டம்மா சொல்ல?"

"கருவி ஓடலைன்னு சொல்லு."

வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஒரு குடம், இன்னொரு குடம், அடுத்த குடம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். கணவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். தீபாவளிக்குத் தம்பி எடுத்துக் கொடுத்த ஊதாப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். "போலீசுக்குக் காக்கி தவிர ஒண்ணும் பொருந்தாது, இருந்தாலும் கட்டிப் பாரு," என்று சொல்லிக் கொடுத்த சேலை. ஈரத்தலையோடு டவுன் பஸ் ஏறினாள். ஏறியவள் பால்பண்ணை ஸ்டாப்பைத் தவறவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தாள். இத்தனை வருடமாகப் போகிற வழி.

வாசலில் மறுநாள் சமையலுக்கு வாடகைப் பாத்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. சுகந்தி ஒரு அண்டாவைத் திண்டாடித் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆள் வருகிற நிழல் பார்த்து நிமிர்ந்தாள். வரவேற்கவில்லை, போகவும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

தவமணியின் வலக்கை மேலே போனது. தலையில் ஈர முடிதான் இருந்தது. கழற்ற ஒன்றும் இல்லாததால் கை அங்கேயே தடுமாறிவிட்டுக் கீழே இறங்கியது.

"கதிரேசன் வீடு..." என்று வாய் ஆரம்பித்தது. அவள் பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள்.

 சுகந்தி அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"சுகந்தி," என்றாள் தவமணி. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. லாரியை நிறுத்துகிற குரல் இல்லை அது. "ஏட்டி சுகந்தி... நம்ம கதிரு... நம்ம கதிரு போயிட்டான்டி."

அண்டா சுகந்தியின் கையிலிருந்து நழுவி உருண்டது. பதினைந்து நாளாகத் தெரிந்த சேதிதான். ஈமம் முடித்து, எலும்பு பொறுக்கி, ஆற்றில் கரைத்தும் ஆயிற்று. ஆனாலும் அவள் அன்றைக்குத்தான் காதில் வாங்கியவள் போல, "ஐயோ மதினி!" என்று அலறிக்கொண்டு வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த அலறல் பட்டதும் தவமணிக்குள் சாத்தியிருந்தது எதுவோ திறந்துகொண்டது. முதலில் வந்தது தம்பிதான். ஏய் போலீசு, சாப்ட்டியா. அதற்குப் பின்னால் இஸ்திரிப் பெரியவருடைய மகன் வந்தான், லாரி கிளீனர் வந்தான், சித்திரையிலிருந்து அவள் வாசலில் நின்று சொன்ன அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். யாருக்காக அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வலித்தது. ஓங்கி ஓங்கி அழுதாள்.

பாத்திரம் உருண்ட சத்தமும் இந்த ஓலமும் கேட்டுத் தெருவே பதறிக்கொண்டு ஓடி வந்தது. கருமாதி வைத்திருக்கிற வீட்டில் மறுபடியும் என்ன கேடு என்று அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் கரண்டியோடு வந்து தவமணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னக்கா, என்னாச்சு? யாரு? யாரு செத்துப்போனது?"

தவமணி சுகந்தியின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்.

"எந் தம்பி."